காலண்டர் அட்டையும் உப்புத்தாளும்

வீட்டில் கழிந்த அட்டை, காகிதம், பழந்துணி, கண்ணாடி ஆகியவற்றின் மேல் வண்ணம் தீட்டிச் சுவரில் மாட்டும் எளிய படங்களைச் செய்தும் செய்யக் கற்பித்தும் பல்லாண்டுகள் பழகியவர்கள், ஒரு படத்தின் ஆயுளை அதன் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை; படத்தைத் திருப்பி, முதுகில் காகிதம் ஒட்டப்பட்டிருக்கிறதா, விளிம்புகள் மூடப்பட்டிருக்கின்றனவா, கயிறு எந்த இடத்தில் கோக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்த பின்னரே சொல்வர். முகத்திலுள்ள மயிலையோ குத்துவிளக்கையோ வரைய ஓரிரு மாதங்களில் பழகிவிடலாம். முதுகைப் பழகப் பல மழைக்காலங்கள் ஆகும். இக்கைவினை குறித்து இதழ்களிலும் காணொளிகளிலும் வரும் விளக்கங்கள் பெரும்பாலும் முகத்தோடு நின்றுவிடுவதால், தமிழ்நாட்டுப் பள்ளி ஓவிய வகுப்புகளிலும் மகளிர் குழுப் பயிற்சிகளிலும் இவ்வரிகளை எழுதுபவர் கண்டவை இங்கே முதுகின் பக்கமிருந்து சொல்லப்படுகின்றன.

பள்ளிகளில் கைத்தொழிலுக்கு இடம் தர வேண்டும் என்ற எண்ணம் 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டத்தோடு வலுப்பெற்றது. ஈசுவர்பாய் படேல் குழு 1977-இல் அதையே சமூகப் பயனுள்ள ஆக்கப் பணி என்ற பெயரில் பாடத்திட்டத்திற்குள் கொண்டுவரப் பரிந்துரைத்தது. அதன் பின்னர் ஓவிய ஆசிரியர்களும் கைத்தொழில் ஆசிரியர்களும் வீணாகும் பொருள்களைக் கொண்டுவருமாறு மாணவரிடம் சொல்லத் தொடங்கியபோது, எதிர்பாராத ஓர் இடர் எழுந்தது: அக்காலத்து வீடுகளில் வீணாகும் பொருள் என்று ஏதும் இருக்கவில்லை. பழைய செய்தித்தாள் எடைக்குப் போயிற்று. ஓட்டைப் பாத்திரமும் துருப்பிடித்த இரும்பும் பேரீச்சம்பழ வண்டிக்காரரிடம் போயின. சத்துமாவுப் புட்டிகளில் பருப்பும் மிளகும் குடியேறின. கிழிந்த வேட்டி முதலில் தொட்டிலாகவும் பிறகு கைப்பிடித் துணியாகவும் மாறியது. மாணவர் வெறுங்கையோடு வந்ததைச் சோம்பல் என்று கண்டித்த ஆசிரியர்களும் உண்டு. உண்மையில் மீந்தவை தேங்காய்ச் சிரட்டை, முட்டை ஓடு, உடைந்த வளையல், தீப்பெட்டி, திருமண அழைப்பிதழ் ஆகியவையே. இவற்றோடு ஆண்டுக்கு ஒருமுறை கிடைத்த ஒன்றுதான் இக்கைவினைக்கே அடித்தளமாயிற்று. அதுவே காலண்டர் அட்டை.

சிவகாசியில் அச்சாகும் தினசரி நாள்காட்டி, மேற்பகுதியில் தெய்வப்படமும் கடையின் பெயரும் தாங்கி, கீழ்ப்பகுதியில் நாள்தோறும் கிழிக்கும் தாள்கட்டைப் பொருத்திய ஒரு கெட்டி அட்டையாகும். ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டின் மாதிரிகளை வெளியிடுவது சிவகாசி அச்சகத்தாரின் வழக்கம். மார்கழியில் அவை கடைகள் வழியாக வீடுகளுக்கு வந்து, மறு ஆண்டு முடியும்போது அட்டை மட்டும் மிஞ்சும். அந்தச் சாம்பல் நிற அட்டை பழந்தாளைக் கூழாக்கிச் செய்யப்படுவது என்பதால், சுவருக்கு வருமுன்பே ஒருமுறை கழிவாக இருந்து மீண்ட பொருளாகும். அது தட்டையாக இருந்தது, ஓராண்டுக் காலம் தொங்கி நிமிர்வு சோதிக்கப்பட்டிருந்தது, மாட்டுவதற்கான துளையும் தயாராக இருந்தது. கடைகளில் விற்கும் ஓவியப் பலகையை வாங்க இயலாத பள்ளிகளுக்கு இதைவிடத் தகுந்த தளம் கிடைத்திருக்க முடியாது.

அதன் முகத்தில் இருந்த தெய்வப்படம்தான் சிக்கல். முருகனையோ திருப்பதி வேங்கடவனையோ உப்புத்தாளால், அதாவது தச்சர்கள் மரத்தை வழவழப்பாக்கத் தேய்க்கும் மணல் ஒட்டிய தாளால், சுரண்டி அழிக்க எந்த வீட்டிலும் மனம் வருவதில்லை; வேளாங்கண்ணி மாதா படத்துக்கும் மக்காவின் படத்துக்கும் இதே தயக்கம் உண்டு. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய பயிற்றுநர்களின் வகுப்புகளில் இரண்டாம் வாரம் ஆள் குறைந்தது. அனுபவமுடையோர் படத்தை அப்படியே விட்டு, அட்டையின் மறுபுறத்தில் வண்ணம் தீட்டச் செய்தனர். அச்சேறாத மறுபுறம் பசையையும் வண்ணத்தையும் நன்கு உறிஞ்சும் என்பதால், மரியாதைக்காகச் செய்யப்பட்ட இம்மாற்றம் தொழில்நுட்ப நோக்கிலும் சரியாகவே அமைந்தது. திருமண அழைப்பிதழின் பிள்ளையார் உருவத்தையும் இவ்வாறே எறிய மனமின்றிச் சேர்த்து வைத்திருந்த பெண்கள், அவற்றை மட்டும் கத்தரித்து ஒரே அட்டையில் வரிசையாக ஒட்டி, இடைவெளிகளில் கோலமிட்டுப் பூசையறைப் படமாக்கியது பல ஊர்களில் யாரும் கற்பிக்காமலே பரவிய ஒரு முறையாகும்.

அட்டையில் வேலை செய்வோர் முதலில் சந்திப்பது வளைவு. நீர்கலந்த வண்ணத்தையோ பசையையோ ஒரு பக்கம் மட்டும் பூசும்போது அப்பக்கத்து நார்கள் ஈரம் குடித்துப் பருத்து, காயும்போது சுருங்கி அட்டையைத் தம் பக்கம் இழுப்பதால், விளிம்புகள் எழும்பி நடுப்பகுதி குழிந்துவிடும். மாணவர் இதைச் சரிசெய்ய அட்டையை எதிர்ப்புறமாக மடக்குவர். அதனால் அடுக்குகள் பிரிந்து கோடு விழும். செய்ய வேண்டியது, முகத்தில் என்ன ஒட்டப்படுகிறதோ அதற்கு நிகரானதை முதுகிலும் ஒட்டி, இருபுறமும் ஒரே அளவில் இழுபடச் செய்து, அம்மிக்கல்லோ புத்தகக் கட்டோ ஏற்றி இரவு முழுவதும் வைப்பதே. புத்தகம் கட்டுவோர் தலைமுறைகளாக அறிந்திருந்த இந்நுட்பம் ஓவிய வகுப்புகளுக்கு மெதுவாகவே வந்து சேர்ந்தது. ஓவியத்தில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் லோயர், ஹையர் இரண்டையும் தேறியவர்களுக்கும் அட்டையின் நடத்தை பற்றி எவரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

தட்டையான அட்டையின் மேல் போடும் அடிப்பூச்சுக்குத் தஞ்சாவூர் ஓவியமே முன்மாதிரியாயிற்று. தஞ்சை ஓவியர்கள் பலாமரப் பலகை மீது துணியை ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்புப் பொடியையும் கோந்தையும் குழைத்துப் பூசி, காய்ந்தபின் தேய்த்து வழவழப்பாக்கும் முறையை, பலகைக்கு மாற்றாகக் காலண்டர் அட்டையும், புதுத்துணிக்கு மாற்றாகப் பல முறை துவைத்து மென்மையான பழைய வேட்டியும் கொண்டு எளிமையாக்கினர். புதுத்துணியில் கஞ்சி இருக்கும், நனைந்தால் சுருங்கும். பழைய வேட்டி சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்திருக்கும். கழிந்த பொருள் புதிய பொருளைவிட மேலாக அமையும் இடங்கள் இக்கைவினையில் சிலவே. இது அவற்றுள் ஒன்று.

பசையின் வரலாறு தனியே எழுதத் தக்கது. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரம் தச்சுப் பட்டறைகளில் இருந்தது. வீடுகளிலும் பள்ளிகளிலும் மைதா மாவைக் காய்ச்சிய பசையே பயன்பட்டது. மாவுப் பசைக்கு இராமபாணப் பூச்சி, கரப்பான், கரையான் ஆகிய மூன்றும் விருந்தினர். சுவரொட்டி ஒட்டுவோரும் புத்தகம் கட்டுவோரும் பசையில் மயில்துத்தம் சிறிது கலப்பது, பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்கவே. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை செய்வோர் கிழங்குமாவுப் பசையில் துத்தம் சேர்ப்பதற்கும் அதுவே காரணம். ஆனால் செப்பின் உப்பாகிய துத்தம் நஞ்சு. பசை தொட்ட விரலை வாயில் வைக்கும் வயதினர் நிறைந்த வகுப்பில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. 1959-இல் சந்தைக்கு வந்த பெவிகால் தச்சரிடமிருந்து மெல்ல மெல்லப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கியபோது பூச்சியின் தொல்லை பெரும்பாலும் ஒழிந்தது. பசையின் விலை அதுவரை இல்லாத ஒரு செலவாக வந்து சேர்ந்ததும் அப்போதுதான்.

காகிதக் கூழால் புடைப்புருவம் செய்து, அதாவது தளத்திலிருந்து உருவம் சற்றே மேலெழும்பி நிற்குமாறு அமைத்து, அதற்கு வண்ணம் தீட்டும் முறையைக் கற்பிக்கையில் மூத்த பெண்கள் எவரும் திகைக்கவில்லை. மூங்கில் முறத்தின் இடுக்குகளை அடைக்க, ஊறிய காகிதத்தையும் வெந்தயத்தையும் ஆட்டுக்கல்லில் அரைத்து மெழுகும் வழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஊறிய வெந்தயத்தின் கொழகொழப்பு கூழைப் பிணைத்துப் பிடிக்கும். அதன் கசப்பு பூச்சியை அண்டவிடாது என்பது பெரியவர்களின் துணிபு. கூழை நன்றாகப் பிழிந்து எடுப்பதில்தான் வெற்றி இருக்கிறது; நீர் மிகுந்த கூழ் காயும்போது வெடிக்கும், தளத்து அட்டையையும் ஊறவைத்துவிடும். கொலுப் பொம்மைகளுக்கும், புதுச்சேரிப் பகுதியில் புவிசார் குறியீடு பெற்ற திருக்கனூர்க் காகிதக்கூழ் வேலைக்கும் அடிப்படை இதுவேயாயினும், வீட்டுப் படத்துக்கு அத்தனை நேர்த்தி வேண்டியதில்லை. விரல் தடம் சற்றுத் தெரிவதே அழகு என்று கருதுவோரும் உளர்.

வண்ணங்கள் மாறிய வரிசை இக்கைவினையின் போக்கையே மாற்றியது. கோந்தில் குழைத்த பொடி வண்ணமும், சிறு புட்டிகளில் வந்த போஸ்டர் கலரும் காய்ந்த பின்னும் நீரில் கரையும் தன்மையுடையன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரின் ஓதம், அதாவது சுவருக்குள் ஊறி ஏறும் ஈரம், அவற்றை வழியச் செய்தது. ஈரத்தைத் தாங்குவதற்காகப் பலர் இரும்புக் கதவுக்கும் சன்னலுக்கும் அடிக்கும் எனாமல் வண்ணத்தை நாடினர். பளபளப்பும் உறுதியும் தந்த அவ்வண்ணங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்ததை வகுப்பறைகளில் எவரும் பேசியதில்லை. வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற மத்திய அரசின் விதி 2016-இல் வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பரணில் கிடக்கும் பழைய எனாமல் டப்பாவைத் திறந்து பயன்படுத்துவதும், பழைய கதவின் வண்ணத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைச் சுவாசிப்பதும் மறுபயன்பாடு என்ற பெயரில் செய்யத் தகாதவை. நீரில் கலந்து தீட்டி, காய்ந்தபின் நீரில் கரையாத படலமாகும் அக்ரிலிக் வண்ணம் சிறு ஊர்க் கடைகளுக்கும் வந்த பிறகே, மழைக்காலத்தைப் பற்றிய அச்சமின்றி இப்படங்களைச் சுவரில் விட்டுவைக்க முடிந்தது.

இக்கைவினைக்கு அறுவடைக் காலம் பொங்கலை ஒட்டிய வாரங்களே. பொங்கலுக்கு முன் வீடுகளுக்கு வண்ணமடிப்பதால் வாளிகளின் அடியில் எமல்ஷன் மிஞ்சும். பழைய காலண்டர் சுவரிலிருந்து இறங்கும். போகியன்று எரிப்பதற்காகப் பாயும் முறமும் அட்டைப் பெட்டியும் வாசலுக்கு வரும். விவரமறிந்த ஆசிரியர்கள் போகிக்கு முந்தைய நாளே தெருவில் ஒரு சுற்று வந்துவிடுவர். அதனோடு, மழை ஓய்ந்து வெயில் கடுமையாகாத தை, மாசி மாதங்களில் அட்டை நிதானமாகக் காய்கிறது. சித்திரை வெயிலில் மேற்பூச்சு விரைந்து காய்ந்து அடிப்பூச்சு ஈரமாக நிற்பதால் வெடிப்புகள் உண்டாகின்றன. பயிற்சிகளை நிதியாண்டின் முடிவைப் பார்த்தோ கோடை விடுமுறையைப் பார்த்தோ வைப்போர் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

வரைவதைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவு. தமக்கு வரைய வராது என்று சொல்லிக்கொண்டே வகுப்பில் வந்து அமரும் பெண்களுள் பெரும்பாலோர், விடியற்காலையில் வாசலில் இருபுறமும் பிசகாத சிக்குக் கோலத்தைப் புள்ளி வைத்து இழுத்து முடித்துவிட்டு வந்தவர்கள். அக்கோலத்தையே அட்டையில் இடச் சொன்னால் தூரிகையைப் பிடிக்கும் முறை ஒன்றே அவர்கள் கற்கவேண்டியதாக இருக்கும். 1990-களுக்குப் பின் மகாராட்டிரப் பழங்குடியினரின் வார்லி உருவங்கள், முக்கோணங்களை இணைத்த எளிய மனித வடிவங்கள் என்பதால், தமிழ்நாட்டுப் பயிற்சிகளிலும் மிகுதியாகப் புகுந்தன. மண்சுவரில் அரிசிமாவால் வரையப்பட்டுவந்த அவ்வோவியத்தைத் தாளுக்குக் கொண்டுவந்து உலகறியச் செய்தவர்களுள் முதன்மையான ஜிவ்யா சோமா மாசே 2011-இல் பத்மஸ்ரீ பெற்றார். அதைக் கற்பிப்பதில் குறையில்லை. கோலம் அறிந்த கைகளை வார்லி படியெடுக்க வைப்பது மட்டும் வியப்பளிக்கிறது.

படச்சட்டத்தின் பழைய கண்ணாடி கிடைத்தால் அதில் செய்யும் வேலை முற்றிலும் வேறு. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தில் உள்ளதுபோல் கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டி முன்புறமிருந்து பார்ப்பதால், வேலை தலைகீழாக நடக்கும்: கண்ணின் கருமணி, நகை, கோடு ஆகிய நுண்ணியவை முதலிலும், உடையும் உடல் நிறமும் அடுத்தும், பின்னணி கடைசியிலும் வரவேண்டும், இடமும் வலமும் மாறும், எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாக எழுதவேண்டும். கண்ணாடி எதையும் உறிஞ்சாது என்பதால் எண்ணெய்ப் பசை, தூசி, விரல் தடம் ஆகியவற்றைத் துடைத்தெடுத்த பின்னரே வண்ணம் பிடிக்கும். உடையும் பொருள் ஆகையால் பள்ளிகளில் இது ஏறத்தாழ மறைந்துவிட்டது. வடிவத்தைக் கத்தரித்து அதன்மேல் வண்ணம் ஒற்றும் அச்சுத்தாளாக அக்காலத்தில் பயன்பட்ட எக்ஸ்ரே ஃபிலிமும் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஊறவைத்தால் கறுப்புப் படலம் கழன்று தெளிந்த தகடாகும் அந்த ஃபிலிம், மருத்துவமனைகள் கணினித் திரைக்கு மாறியதும் அருகிப்போயிற்று.

பின்னாளில் நிலைமை நேரெதிராயிற்று: கழிவு பெருகியது, அதில் வண்ணம் பிடிக்கும் கழிவு குறைந்தது. அழைப்பிதழ்கள் நெகிழிப் படலம் பூசியனவாயின. உப்புத்தாளால் தேய்க்காவிடில் அவற்றின் மேல் வண்ணம் தோலாக உரியும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி முதல் தடை விதித்தபோது, நெகிழிக் குவளையிலும் உறிஞ்சுகுழலிலும் பூச்செய்து வந்த பயிற்சிகள் காகிதத்துக்குத் திரும்பின. அது நல்ல திருப்பமே. இணையவழி வாங்குதல் மிகுந்த வீடுகளில் நெளி அட்டை, அதாவது இரு தட்டைத் தாள்களுக்கிடையே அலையலையான ஒரு தாளை வைத்து ஒட்டிய பெட்டி அட்டை, குவிகிறது. அதன் நெளிவு வண்ணத்தின் மேலும் வரிவரியாகத் தெரியும் என்பதால், இரண்டு துண்டுகளை நெளிவு குறுக்கும் நெடுக்குமாக அமையுமாறு ஒட்டவேண்டும். அல்லது மேல்தாளை ஈரப்படுத்தி உரித்து, வெளிப்படும் நெளிவையே கூரையாகவோ ஓட்டு வரிசையாகவோ கொள்ளவேண்டும். முப்பது முட்டை அடுக்கும் கூழ்த்தட்டின் குழிகளை இதழாகக் கத்தரித்துப் பூவாக்குவதும் இக்காலத்தது. அது வண்ணத்தை அளவின்றிக் குடிப்பதால், நீர்த்த பெவிகாலை முதலில் ஒரு கை பூசிக் காயவிடுவது செலவை மிச்சப்படுத்தும்.

2020-ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில் கடைகள் மூடியிருந்தபோது மஞ்சள்தூள், காப்பித்தூள், காவி ஆகியவற்றால் தீட்டியவர் பலர். காவியும் காப்பியும் நிறம் காத்தன. மஞ்சளோ வெளிச்சத்தில் விரைவில் வெளுத்தது. சுண்ணாம்பு அடித்த சுவரை ஒட்டி மாட்டிய இடங்களில் ஓரம் சிவந்தது, ஏனெனில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்ற ஆரத்தித் தட்டின் விதி சுவரிலும் செல்லும்.

சுவரும் மாறியது. சுண்ணாம்புக் காரை பூசிய பழைய சுவரில் சுத்தியலால் ஆணி இறங்கியது. சிமெண்டுச் சுவருக்குத் துளைக்கருவி வேண்டும். வாடகை வீட்டிலோ ஆணியே அடிக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் எழுதாத விதி. இதனால் படத்தின் எடை, முன்பு எவரும் எண்ணாத ஒன்று, முதல் கேள்வியாயிற்று. சிரட்டையும் கூழாங்கல்லும் பதித்த படங்கள் குறைந்து, இருபுறமும் ஒட்டும் நாடாவில் நிற்கக்கூடிய அட்டைப் படங்கள் பெருகின. சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று புகும்படி முதுகின் நான்கு மூலைகளிலும் தக்கைத் துண்டு ஒட்டும் வழக்கத்தை நாடா ஒழித்துவிட்டதால், ஓதமேறிய சுவர்களில் பூஞ்சை மீண்டும் தலைகாட்டுகிறது.

விற்பனையைப் பொறுத்தவரை, 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மாநிலமெங்கும் பரவியபோது இக்கைவினையும் வருவாய்த் தொழிலாகப் பயிற்றுவிக்கப்பட்டது. கண்காட்சிகளிலும் கல்லூரிச் சந்தைகளிலும் நின்ற பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி, குப்பையில் செய்ததற்கு இவ்வளவு விலையா என்பதே. கழிந்த பொருள் இலவசம் என்பது வாங்குவோரின் கணக்கு. கழுவுதல், காயவைத்தல், வைக்க இடம், அடிப்பூச்சு, பசை, வண்ணம், இரு நாள் காத்திருப்பு ஆகியவை செய்வோரின் கணக்கு. இவ்விரண்டும் ஒருபோதும் பொருந்தாமையால் பல குழுக்கள், மரநாரை அழுத்திச் செய்து அளவாக வெட்டி விற்கப்படும் எம்.டி.எஃப். பலகைக்கு மாறின. அது வளையாது, உறிஞ்சும் அளவும் சீரானது, வேலை பாதியாகக் குறையும். ஆயினும் புதுப்பலகையில் தீட்டியதையும் மறுபயன்பாட்டுக் கலை என்று அட்டை எழுதி விற்பது நேர்மையன்று.

விலை பேசாமல் வாங்குவோர் ஒரு வகையினர் மட்டும் உண்டு: பொருளைத் தாமே கொண்டுவருவோர். மகளின் திருமண அழைப்பிதழ், பாட்டியின் பட்டுச் சேலைக் கரை, பிள்ளையின் முதல் வகுப்பு நோட்டுப் புத்தகத்து அட்டை ஆகியவற்றைப் படமாக்கித் தரக் கேட்கும் இவ்வேலை சில ஆண்டுகளாக மிகுந்துவருகிறது. இதில் ஓவியம் சிறிதே இருக்கும். ஒரு கோலமோ மாவிலைத் தோரணமோ ஓரத்தில் வந்தால் போதும். பட்டின் மேல் பெவிகால் நேரே பட்டால் மறுபுறம் ஊறிக் கறையாகத் தெரியும் என்பதால், கரையை முதலில் மெல்லிய பருத்தித் துணியில் கையால் தைத்து, அத்துணியின் ஓரங்களை அட்டையின் முதுகுக்கு மடித்து அங்கே மட்டும் பசையிட்டு ஒட்டுகிறார்கள்.